ஜி7 சிப்பாய்: பான் நகரில் ஆனந்த் ஆடிய அரிய மெரான்

2008 அக்டோபர் 20, திங்கட்கிழமை, மாலை ஆறரை மணி. கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயில்களில் கால் வைக்க இடம் இல்லாத நேரம். ஜெர்மனியின் பான் நகரில் அப்போது மதியம் மூன்று. அங்கே ஒரு கலைக் கண்காட்சிக் கூடத்தின் மேடையில், உலக செஸ் பட்டப் போட்டியின் ஐந்தாவது ஆட்டம் ஆரம்பமானது. வெள்ளைக் காய்கள் விளாடிமிர் கிராம்னிக்குக்கு, கறுப்பு விஸ்வநாதன் ஆனந்துக்கு.

மூன்று நாள் முன்னால்தான், அக்டோபர் 17 அன்று, மூன்றாவது ஆட்டத்தில் கிராம்னிக் இதே வெள்ளைக் காய்களோடு தோற்றிருந்தார். தோற்ற ஓப்பனிங்கை மறுபடியும் ஆட யாருக்கும் மனசு வராது. ஆனால் இருவரும் மடமடவென்று அதே நகர்த்தல்களை வைத்தார்கள். ஐந்து, பத்து, பதினான்கு... அச்சு அசலாக அதே நிலை. தெரிந்தேதான் இருவரும் அங்கே வந்தார்கள். கிராம்னிக்கின் அணி மூன்று நாளில் ஓட்டையைக் கண்டுபிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு ஓட்டை இருப்பது ஆனந்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கட்டுரை அந்த ஓப்பனிங்கைப் பற்றியது. செஸ்ஸில் காய் நகர்த்த மட்டும் தெரிந்தவர்களுக்கும் புரியும்படி சொல்ல முயற்சி. நம்ம ஊர்ப் பேச்சுப்படி ரூக்கை யானை என்றும் பிஷப்பை மந்திரி என்றும் சொல்லிவிடலாம். கட்டங்களின் பெயர்: இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று எச் வரை எட்டு வரிசை. வெள்ளையின் பக்கத்திலிருந்து மேலே ஒன்று முதல் எட்டு வரை. ஒரு போர்டை எடுத்து வைத்துக்கொண்டு படித்தால் சுகம்.

முதலில், எதற்காக இவ்வளவு பரபரப்பு?

ஆனந்த் 2007-லேயே மெக்சிகோ சிட்டியில் உலக சாம்பியன் ஆகிவிட்டார். ஆனால் அது எட்டுப் பேர் ஆடிய டோர்னமென்ட். பழைய மரபுப்படி சாம்பியன் என்றால், நடப்பு சாம்பியனை ஒண்டிக்கு ஒண்டி உட்கார வைத்து வீழ்த்தியவர். கிராம்னிக் அப்படி வந்தவர். 2000-ல் லண்டனில் காஸ்பரோவைத் தோற்கடித்தார். அந்த மேட்சில் காஸ்பரோவால் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க முடியவில்லை. 2006-ல் எலிஸ்டாவில் டோபலோவையும் முடித்தார். ஆக, மேட்ச் ஆடி ஜெயிக்காத வரை ஆனந்தின் பட்டம் அரைப் பட்டம்தான் என்று பேசுகிறவர்கள் இருந்தார்கள். அந்தப் பேச்சுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பதில் சொல்லப்போகிற மேட்ச் இது.

கிராம்னிக் லண்டனில் ஜெயித்ததும் ஒரு அரிய ஓப்பனிங்கால்தான். பெர்லின் டிஃபென்ஸ். அதில் எட்டாவது நகர்த்தலிலேயே இரண்டு ராணிகளும் வெட்டுப்பட்டுப் போகும். காஸ்பரோவ் போன்ற தாக்குதல் ஆட்டக்காரருக்குத் தாக்க எதுவுமே மிச்சம் இருக்காது. எதிராளிக்குப் பிடித்த சாப்பாட்டை சமையலறையிலிருந்தே எடுத்துவிடும் தந்திரம் அது.

ஆனந்துக்கும் இந்த மாதிரி அனுபவம் ஒன்று உண்டு, ஆனால் கசப்பானது. 1995, நியூயார்க், உலக வர்த்தக மையத்தின் 107-வது மாடி. காஸ்பரோவுக்கு எதிரான 20 ஆட்ட மேட்ச். முதல் எட்டு ஆட்டம் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் ஜெயித்தார். பத்தாவதில் காஸ்பரோவ் வீட்டிலேயே தயாரித்து வந்த ஒரு யானைத் தியாகத்தை எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு மேட்ச் சரிந்தது. 14-வது ஆட்டத்தில் ஆனந்த் ஒரு அதிர்ச்சி கொடுத்தார். கிங் பான் ஆட்டத்துக்கு முதல் நகர்த்தலிலேயே டி5 என்று சிப்பாயை வைத்து, வெட்டினால் ராணியாலேயே திரும்ப வெட்டும் ஸ்காண்டிநேவியன். "ராணியை சீக்கிரம் வெளியே கொண்டு வராதே" என்று எல்லாக் கோச்சும் முதல் வகுப்பில் சொல்வார்களே, அதற்கு நேர் எதிரானது. உலகப் பட்டப் போட்டியில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று.

ஆச்சரியம் என்னவென்றால் ஓப்பனிங் வேலை செய்தது. ஆனந்துக்கு நல்ல நிலையே கிடைத்தது. ஆனால் நடு ஆட்டத்தில் பிடி நழுவி 41-வது நகர்த்தலில் தோற்றார். மேட்ச் 10.5-7.5 என்று முடிந்தது. அந்த டி5 ஒரு தடவை வெடிக்கிற பட்டாசு. காஸ்பரோவ் கொஞ்சம் யோசித்துப் பழகியதும் அது சாதாரண செஸ் ஆகிவிட்டது, சாதாரண செஸ்ஸில் அந்த வாரம் காஸ்பரோவ் மேலே இருந்தார்.

13 வருடம் கழித்து பான் நகரில் ஆனந்த் எடுத்து வந்தது வேறு ரகம்.

அதன் பெயர் மெரான். இத்தாலியின் வடக்கே உள்ள ஒரு மலை ஊரின் பெயர் அது. 1924-ல் அங்கே நடந்த டோர்னமென்டில் க்ரூன்ஃபெல்டுக்கு எதிராக ரூபின்ஸ்டைன் ஆடியதிலிருந்து இந்தப் பெயர். கதை இதுதான்: கறுப்பு முதலில் நடுவில் அடக்கமாக, சி6, டி5, ஈ6 என்று முக்கோணமாக சிப்பாய்களை வைத்திருக்கும். வெள்ளையின் மந்திரி டி3-க்கு வந்த பிறகு சி4 சிப்பாயை வெட்டும். அந்த மந்திரி மறுபடி ஒரு நகர்த்தலை வீணாக்கி சி4-ஐ வெட்ட வேண்டும். உடனே பி5 என்று அதைத் துரத்தி, ஏ6, சி5 என்று ராணிப் பக்க சிப்பாய்களை ஊர்வலம் விடும். வெள்ளை சும்மா இருக்குமா? ஈ4, ஈ5 என்று நடுவில் ஏறி எஃப்6 குதிரையைக் குத்தும். அந்தக் குதிரையை நகர்த்தாமல் கறுப்பு டி4-ல் வெட்டும். வெள்ளை 11-வது நகர்த்தலில் தன் குதிரையை பி5-ல் பாய்ச்சும். இது புளூமென்ஃபெல்ட் என்ற ரஷ்ய ஆட்டக்காரரின் பெயரால் வழங்குவது.

கறுப்பு அந்தக் குதிரையை ஏ-சிப்பாயால் வெட்ட, வெள்ளை எஃப்6 குதிரையை சிப்பாயால் வெட்ட, 12-வது நகர்த்தலில் கறுப்பு ஜி7 சிப்பாயால் எஃப்6-ஐத் திரும்ப வெட்டுகிறது.

இந்த ஜி7 சிப்பாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது போர்டைப் பார்த்தால் கறுப்பின் நிலை பரிதாபமாக இருக்கும். எஃப் வரிசையில் ஒன்றன் முன் ஒன்றாக இரண்டு சிப்பாய். ராஜா பக்கம் கதவில்லாத வீடு. ராஜா இன்னும் ஈ8-லேயே நிற்கிறார், கோட்டைக்குள் போக நல்ல இடமும் இல்லை. கையில் இருக்கும் ஒரே ஆறுதல் பி5-ல் ஒரு சிப்பாய் அதிகம் என்பது. வெள்ளை கோட்டை கட்ட, கறுப்பு ராணி பி6-க்கு வர, வெள்ளை ராணி ஈ2-க்கு வந்து அந்த பி5-ஐ மிரட்டுகிறது. இயல்பாக என்ன தோன்றும்? அந்த ஒரு சிப்பாயையாவது காப்பாற்றுவோம் என்றுதானே?

ஆனந்த் 14-வது நகர்த்தலில் மந்திரியை பி7-ல் வைத்தார். பி5-ஐ எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டார். மேல்மட்ட ஆட்டங்களில் அரிதாகவே பார்க்கப்பட்ட நகர்த்தல்.

இதன் கணக்கைப் பார்ப்போம் (ஆனந்தும் லயோலாவில் பி.காம். படித்தவர்தான் என்பதால் கணக்குப்பிள்ளை பாஷையிலேயே சொல்லலாம்). பி5 போன பிறகு இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து சிப்பாய், காய்களும் சமம். ஆனால் சொத்தின் தன்மை வேறு. வெள்ளைக்கு ஏ, பி வரிசைகளில் இரண்டு சிப்பாய் கைகோத்து நிற்கின்றன. எதிரே தடுக்க ஒரு கறுப்புச் சிப்பாயும் இல்லை. அது வெள்ளையின் ஃபிக்ஸட் டெபாசிட். ராணிகள் வெட்டுப்பட்டு ஆட்டம் கடைசிக் கட்டத்துக்குப் போனால் முதிர்ச்சி அடையும், ஒன்று ராணியாகிவிடும். கறுப்பிடம் இருப்பதெல்லாம் நடப்புக் கணக்கு. இன்றைக்கே புரட்டிச் சம்பாதித்தால்தான் உண்டு.

எதை வைத்துச் சம்பாதிப்பது? பி7 மந்திரி நீண்ட மூலைவிட்டத்தில் வெள்ளை ராஜாவின் வாசலான ஜி2-வைப் பார்க்கிறது. ஜி7 சிப்பாய் எஃப்6-க்குப் போனதால் ஜி வரிசை திறந்து கிடக்கிறது, அதில் ஜி8-க்கு யானை வந்தால் அதுவும் ஜி2-வையே பார்க்கும். கதவில்லாத வீடு என்றோமே, அந்தக் கதவு வழியாகத்தான் யானை வெளியே வருகிறது. டி4-ல் நிற்கும் கறுப்புச் சிப்பாய் வெள்ளைக் குதிரைக்கு நல்ல இடம் கிடைக்காமல் அடைத்துக்கொண்டு நிற்கிறது. ராஜா? நடுவிலேயே இருக்கட்டும். ஈ6, எஃப்7, எஃப்6 என்று மூன்று சிப்பாய் சுற்றிலும் இருக்கும்போது வெள்ளை யானைகள் அவரை எட்டுவது அவ்வளவு சுலபமில்லை. பி5-ஐக் காப்பாற்ற ஒரு நகர்த்தலைச் செலவழித்திருந்தால் இவை எல்லாமே ஒரு அடி தாமதமாகியிருக்கும்.

இங்கே எதிராளி யார் என்பதும் முக்கியம். கிராம்னிக் பிடியைத் தளர்த்தாமல் மெல்ல நெருக்கி ஜெயிப்பவர். அவரை இப்படிக் காடு மாதிரியான ஒரு நிலையில், கடிகாரம் ஓட ஓட, தனியாகக் கணக்குப் போட வைப்பது ஆனந்துக்கு லாபம். லண்டனில் அவர் காஸ்பரோவுக்குச் செய்ததன் தலைகீழ் இது.

ஆனந்தின் வேகம் எங்கிருந்து வந்தது என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த கதை. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன் முன்னின்று நடத்திய டால் செஸ் கிளப், சோவியத் கலாச்சார மையத்தில் இருந்தது. பிளிட்ஸ் ஆட்டத்தில் தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும், ஜெயித்தவர் உட்கார்ந்தே இருப்பார். ஒரு பையன் நாற்காலியை விடாமல் இருக்க வேகமாக ஆடக் கற்றுக்கொண்டான். அவன் படித்த எழும்பூர் டான் பாஸ்கோவும் நுங்கம்பாக்கம் லயோலாவும் நம்ம தாம்பரம் லைனிலேயே இருக்கின்றன என்பது செஸ்ஸுக்குச் சம்பந்தமில்லாத தகவல், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மூன்றாவது ஆட்டத்துக்கு வருவோம். பி5-ஐ மந்திரியால் வெட்டிய பிறகு கறுப்பு மந்திரி டி6, வெள்ளை யானை டி1, கறுப்பு யானை ஜி8. கிராம்னிக் ஜி3 என்று வாசலை அடைத்தார். ஆனந்தின் யானை ஜி4-க்கு ஏறியது. நடு போர்டில் யானையா என்று கேட்கத் தோன்றும். அங்கிருந்து அது பக்கவாட்டில் டி4 சிப்பாயைக் காக்கிறது, ராஜாவையும் விடாமல் பார்க்கிறது. கிராம்னிக் பதிலுக்கு ஒரு மந்திரியையே கொடுத்து 19-வது நகர்த்தலில் குதிரையால் டி4-ஐ வெட்டினார், அடுத்ததாக அதே குதிரையை ஈ6-ல் கொடுத்தார். தைரியமான ஆட்டம், அதில் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு இரண்டு ராஜாக்களும் தெருவில். வெள்ளை ராஜா எஃப்1, ஈ1, டி2, சி2 என்று போர்டின் மறுபக்கம் ஓடினார். நேரமோ குறைந்துகொண்டே வந்தது. 33-வது நகர்த்தலில் ஆனந்த் இன்னும் சுலபமான ஒரு வழியைத் தவறவிட்டார். அந்த இடைவெளியில் அந்த ஃபிக்ஸட் டெபாசிட் கிளம்பிவிட்டது. ஏ5, ஏ6, ஏ7... இன்னும் ஒரே ஒரு கட்டம், புது ராணி. ஆனந்தின் ராணியும் மந்திரியும் அடுத்தடுத்து செக் கொடுத்து அந்த ஒரு கட்டத்தைத் தர மறுத்தன. 41-வது நகர்த்தலில் கிராம்னிக் கை கொடுத்தபோது அந்தச் சிப்பாய் ஏ7-லேயே நின்றுகொண்டிருந்தது.

இப்போது மறுபடி அக்டோபர் 20.

ஐந்தாவது ஆட்டத்தில் கிராம்னிக் 15-வது நகர்த்தலில் பி5-ஐ வெட்டினார். அதுவரை எல்லாம் பழையதே. மூன்று நாளாக அவருடைய அணி எதற்கு மருந்து தேடியிருக்கும்? மந்திரி டி6-க்கு. ஆனந்த் டி6 வைக்கவில்லை. யானையை முதலில் ஜி8-க்கு வைத்தார். ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: பாதையை முதலில் மாற்றியவர் ஜெயித்தவர்தான். ஒரே வீட்டுக்கு இரண்டு சாவி வைத்திருந்தார், முதல் சாவிக்குப் பூட்டு மாற்றியதும் இரண்டாவதை எடுத்தார்.

நியூயார்க்குக்கும் பானுக்கும் இதுவே வித்தியாசம். பீட்டர் ஹெய்னே நீல்சன், ருஸ்தம் காசிம்ஜானோவ், ரடோஸ்லாவ் வொய்டாசெக், கொல்கத்தாவின் சூர்ய சேகர் கங்குலி ஆகிய நால்வர் ஆனந்தின் உதவியாளர்கள். அந்த அணி கொண்டு வந்த நிலையை எதிராளி ஒருமுறை பார்த்த பிறகும் அதில் விஷயம் மிச்சம் இருந்தது.

யானை ஜி8-ல் இருந்தால் ஜி2 சிப்பாய் கட்டுண்டுவிடுகிறது, எஃப்3-ல் எதையும் திரும்ப வெட்ட முடியாது. கிராம்னிக் மந்திரியை எஃப்4, ஜி3 என்று கொண்டுவந்து ராஜாவுக்கு முன்னால் திரை போட்டார். அப்போதுதான் நம்ம ஜி7 சிப்பாய் வேலையை ஆரம்பித்தது. 12-வது நகர்த்தலில் எஃப்6-க்கு வந்து அசிங்கமாக நின்றதே, அது 17-ல் எஃப்5, 18-ல் எஃப்4 என்று ஏறி அந்த மந்திரியை எச்4-க்குத் துரத்தியது. அங்கே அது வெட்டுப்பட, அதை மீட்க வந்த வெள்ளைக் குதிரை போர்டின் ஓரத்துக்குப் போய்விட்டது. ஆனந்த் ராஜாவை ஈ7-க்கு வைத்தார். கோட்டை கட்டாமலேயே யானைகள் இரண்டும் இணைந்துவிட்டன.

ஆனாலும் கிராம்னிக் தோற்கும் நிலையில் இல்லை. 28 நகர்த்தல் வரை ஆட்டம் இரு பக்கமும் சாயக்கூடியதாகவே இருந்தது. 29-வது நகர்த்தலில் அவர் மறுபடியும் குதிரையால் டி4 சிப்பாயை வெட்டினார். கணக்கு இப்படி: கறுப்பு ராணி குதிரையை வெட்டும், வெள்ளை யானை டி1-க்கு வந்து ராணியைத் தாக்கும், கறுப்புக் குதிரை எஃப்6-க்கு வந்து வெள்ளை ராணியைத் தாக்கும். ராணிக்கு ராணி போகும். பிறகு யானை டி7-ல் செக், அடுத்து பி7 மந்திரியை வெட்டினால் கொடுத்த காய் திரும்ப வந்துவிடும், கூடவே ஏ, பி சிப்பாய்கள். அழகான கணக்கு. எல்லாம் அப்படியே நடந்தது.

ஆனந்த் யானையால் சி1-ல் செக் கொடுத்தார். வெள்ளை மந்திரி எஃப்1-ல் குறுக்கே வந்தது. 34-வது நகர்த்தல், கறுப்புக் குதிரை ஈ3. சிப்பாய் வெட்டக்கூடிய கட்டத்தில் போய்க் குதிரை நிற்கிறது. வெட்டாவிட்டால் எஃப்1 மந்திரி போகும். வெட்டினால் எஃப்4 சிப்பாய் ஈ3-ல் திரும்ப வெட்டும், அடுத்து ஈ2. மந்திரி கட்டுண்டு கிடக்க அதை நிறுத்த ஆளில்லை. கிராம்னிக் வெட்டினார். ஜி7-ல் பிறந்து, எஃப்6, எஃப்5, எஃப்4 வழியாக ஈ3-க்கு வந்து சேர்ந்தது அந்தச் சிப்பாய். 35-வது நகர்த்தலில் கிராம்னிக் ஆட்டத்தை விட்டார்.

ஸ்கோர் 3.5-1.5. மறுநாள் ஆறாவது ஆட்டத்திலும் ஆனந்தே ஜெயித்தார். பத்தாவதில் கிராம்னிக் ஒன்றைத் திருப்பினார், பிறகு அக்டோபர் 29 அன்று 11-வது ஆட்டம் டிராவாகி 6.5-4.5 என்று மேட்ச் முடிந்தது. ஈ4 ஆட்டக்காரர் என்றே உலகம் அறிந்த ஆனந்த், அந்தக் கடைசி ஆட்டத்தில்தான் முதன்முதலாக ஈ4 வைத்தார் என்பது தனி வேடிக்கை. அரைப் பட்டம் என்ற பேச்சு அத்தோடு நின்றது.

இந்த நிலைக்கு இன்று யாரும் பயப்பட மாட்டார்கள். 2008-ல் நான்கு உதவியாளர்களும் கம்ப்யூட்டர்களும் மெனக்கெட்டு அலசியதை இப்போது கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் டீ ஆறுவதற்குள் அலசிவிடும். அதனால் அரிய ஓப்பனிங் என்ற சொத்தின் மதிப்பே இறங்கிவிட்டது. 2013 ஜனவரியில் வைக் ஆன் சீயில் ஆரோனியனை ஆனந்த் இன்னொரு மெரானில் 23 நகர்த்தலில் வீழ்த்தினார். அதன் மூல யோசனை முந்தைய வருடம் கெல்ஃபாண்ட் மேட்சுக்காகத் தயாரித்து, பயன்படாமல் அலமாரியில் கிடந்தது. அந்த வருடம் நவம்பரில் சென்னையிலேயே நடந்த மேட்சில் கார்ல்சன் அந்த அலமாரியைத் திறக்கவே விடவில்லை. ஓப்பனிங்கில் எந்த வம்புக்கும் போகாமல், சமமான நிலையில் உட்கார்ந்து நான்கு ஐந்து மணி நேரம் இழுத்தார், 6.5-3.5 என்று பட்டத்தை எடுத்துக்கொண்டார். பான் நகரில் ஆனந்த் செய்ததற்கு அது ஒரு வகைப் பதில்தான், சொல்லக் கஷ்டமாக இருந்தாலும்.

கடைசியாக ஒரு தகவல். 2010 மே மாதம் சோஃபியாவில் டோபலோவுக்கு எதிராக ஆனந்த் பட்டத்தைக் காப்பாற்றினார். கடைசி ஆட்டத்தில், கறுப்பில், லாஸ்கர் டிஃபென்ஸ் என்ற தூசி படிந்த பழைய ஓப்பனிங்கை எடுத்து ஜெயித்தார். தயாரிப்பில் தனக்கு உதவியவர்களின் பெயர்களை மேட்ச் முடிந்த பிறகு அவர் சொன்னார். அந்தப் பட்டியலில் காஸ்பரோவ் இருந்தார், கார்ல்சன் இருந்தார். விளாடிமிர் கிராம்னிக்கும் இருந்தார்.